தத்தெடுத்த பூனையின் எடையைக் குறைக்க

கேள்வி: பக்கத்து வீட்டுப் பாட்டி காலமானபின் அவர் வளர்த்த பூனையை நாங்கள் எடுத்துக்கொண்டோம். ஆறு வயது, 7 கிலோ. கொஞ்சம் ஓடினாலே மூச்சு வாங்குகிறது. ஒருவேளைச் சாப்பாட்டை நிறுத்திவிடலாமா?
— வாசகி, தஞ்சாவூர்

பதில்: பட்டினி மட்டும் போட்டுவிடாதீர்கள். பருத்த பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தாலே கொழுப்பு கல்லீரலில் சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். புது வீட்டு ஏக்கத்தில் அது தானாகவே சாப்பிட மறுத்தாலும் காத்திருக்காதீர்கள்.

மூச்சு வாங்குவதால், முதல் வேலையாகக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். இதயம், நுரையீரலைப் பரிசோதித்து, இருக்கவேண்டிய எடையையும் தினசரி உணவின் அளவையும் அவரே சொல்வார். வாரத்துக்கு உடல் எடையில் 1 சதவீதம், அதாவது சுமார் 70 கிராம் குறைந்தால் போதும். 5 கிலோதான் இலக்கு என்றால் ஏழெட்டு மாதம் ஆகும், அவசரம் வேண்டாம்.

கிண்ணத்தில் எந்நேரமும் தீனி கிடக்கக் கூடாது. ஒரு நாளைக்கான அளவைக் காலையிலேயே தராசில் நிறுத்து, மூன்று நான்கு வேளையாகப் பிரித்து வையுங்கள். நீர்ச்சத்து மிகுந்த ஈர உணவு குறைந்த கலோரியில் வயிற்றை நிரப்பும். அதற்கு ஒரு வார காலத்தில் மெல்ல மாற்றுங்கள். பால், பிஸ்கட், தயிர்சாதம் வேண்டாம். பூனை மாமிச உண்ணி. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிப்பதுமில்லை.

மருத்துவர் சரி என்றதும், தினமும் இருவேளை ஐந்து நிமிடம் கயிறு இழுத்து விளையாட்டுக் காட்டுங்கள். மாதம் ஒருமுறை எடை பாருங்கள். விலாவைத் தடவினால் எலும்புகள் லேசாகக் கையில் தட்டுப்படும் நிலைதான் ஆரோக்கியம். குறையும் ஒவ்வொரு கிலோவும் அதன் மூட்டுகளுக்குப் பெரிய நிம்மதி.