விண்மீன் திரளின் விளிம்பு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

நம்பிக்கை: படத்தில் ஒளி மங்கும் இடமே விண்மீன் திரளின் எல்லை.

உண்மை: வண்ணப் படங்களைப் பார்த்துப் பார்த்து ஊறிப்போன எண்ணம் இது. விண்மீன்கள் அருகிப்போன பிறகும் ஹைட்ரஜன் வாயு வெகுதூரம் பரந்து கிடக்கிறது. பல சுருள் திரள்களில் வாயுவட்டு, ஒளிரும் வட்டைவிட ஏறத்தாழ இருமடங்கு அகலம்.

சப்தரிஷி மண்டலத் திசையில், சுமார் 1.2 கோடி ஒளியாண்டு தொலைவில் எம்81 என்ற சுருள் திரள் இருக்கிறது. சாதாரணத் தொலைநோக்கியில் எம்81, அதன் அண்டைத் திரள்களான எம்82, என்ஜிசி 3077 மூன்றும் ஒட்டும் உறவும் இல்லாமல் தனித்தனியே நிற்கும். நியூ மெக்சிகோவின் வெரி லார்ஜ் அர்ரே ரேடியோ தொலைநோக்கியால் வரைந்து 1994-இல் வெளியிட்ட படம் வேறு கதை சொன்னது. மூன்றையும் நீண்ட ஹைட்ரஜன் நாடாக்கள் பிணைத்திருந்தன! ஒருகாலத்தில் மூன்றும் நெருங்கி வந்தபோது ஈர்ப்புவிசை பிய்த்தெடுத்த வாயு அது. விளிம்பில் திரளின் பிடி தளர்வு. முதலில் இழுபடுவது அங்கிருக்கும் வாயுதான். ஒரு திரளின் பழங்கதையை அறிய, பளபளக்கும் நடுப்பகுதியைவிட இந்த விளிம்பையே நான் நம்புவேன்.

நம்பிக்கை: குளிர்ந்த வாயு ஒளிராது, அதைக் காண வழியே இல்லை.

உண்மை: கண்ணுக்குத் தெரியாது, சரி. ஆனால் ஹைட்ரஜன் அணுவில் புரோட்டானும் எலக்ட்ரானும் ஒரே திசையில் தற்சுழன்றால் ஆற்றல் இம்மியளவு கூடுதல். எலக்ட்ரான் எதிர்த்திசைக்குப் புரளும்போது 21 செ.மீ. ரேடியோ அலை வெளிப்படும். பூஜ்யத்துக்குக் கீழே 170 டிகிரிக் குளிரிலும் இது நடக்கும். தனியோர் அணு தானாகப் புரளச் சராசரியாக ஒரு கோடி ஆண்டுக்கு மேல் ஆகும். அணுக்கள் கணக்கில்லாமல் இருப்பதால் அலை ஓய்வதே இல்லை.

நாஜிகள் பிடியிலிருந்த நெதர்லாந்தில் 1944-இல் இந்த அலையைக் கணித்தவர் வானியலாளர் ஹென்ட்ரிக் வான் டி ஹுல்ஸ்ட். 1951 மார்ச்சில் ஹார்வர்டில் இயற்பியலாளர்கள் ஈவனும் பர்செலும் அந்த அலையைப் பிடித்தார்கள். ஆய்வகச் சன்னலுக்கு வெளியே பொருத்திய ப்ளைவுட் கூம்பு, உள்ளே செப்புத் தகடு: அதுதான் ஆன்டெனா. இன்று புனே அருகே கோடத்தில் 30 பெரும் தட்டுகள் இதே அலையைக் கேட்கின்றன.

நம்பிக்கை: கரும்பொருள் என்பது இந்த வாயுதான்.

உண்மை: இல்லவே இல்லை. 21 செ.மீ. அலையின் வலிமை வாயுவின் எடையைச் சொல்லிவிடும். அலைநீளம் கூடுவதும் குறைவதும் வேகத்தைச் சொல்லும். தொலைவிலுள்ள கோள் சூரியனை மெதுவாகச் சுற்றுவதுபோல, விளிம்பு வாயுவும் மெதுவாகவே சுற்ற வேண்டும். ஆனால் வெஸ்டர்போர்க் ரேடியோ தொலைநோக்கியால் பல திரள்களை அளந்த ஆல்பர்ட் போஸ்மா, பெரும்பாலானவற்றில் வேகம் குறையவில்லை என்று 1978-இல் காட்டினார். விண்மீன்கள், வாயு எல்லாவற்றின் எடையையும் கூட்டினாலும் அந்த வேகத்துக்குப் போதவில்லை. அந்தப் பற்றாக்குறைக்குக் காரணமாகச் சொல்லப்படுவதே கரும்பொருள்.