கொசு முட்டையின் ஓடு

கொச்சி நகரின் மட்டாஞ்சேரிப் பகுதியில் யானைக்கால் நோய் நெடுங்காலமாக வேரூன்றியிருந்தது. ‘கொச்சிக் கால்’ என்ற பெயரே அந்நோய்க்கு முற்காலத்தில் வழங்கிற்று. அந்நோயின் நுண்புழுவைப் பரப்புவது கியூலெக்ஸ் குயின்குபேசியேட்டஸ் என்னும் கொசுவாகும். 1955-ஆம் ஆண்டில் தேசிய யானைக்கால் நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கப்பெற்றது. கொசுவை அதன் இளம் பருவத்திலேயே அழித்தல் இத்தகைய பணியின் முக்கிய அங்கம். எனவே, முட்டை ஓட்டின் இயல்பைக் களப்பணியாளர் அறிந்திருத்தல் நன்று.

ஓடு உண்டாகும் விதம்

பெண் கொசு இரத்தம் உண்டபின் அதன் சூலகத்தில் முட்டைகள் வளர்கின்றன. ஒவ்வொரு முட்டையையும் சூழ்ந்துள்ள உயிரணுக்கள் முதலில் உட்சவ்வையும், பின்னர் அதன்மேல் இரண்டு அடுக்குகள் கொண்ட ஓட்டையும் சுரக்கின்றன. இடப்படும்போது முட்டை வெண்மையாகவும் மென்மையாகவும் இருக்கும். சில மணி நேரத்தில் கடினமுற்றுக் கருநிறம் அடையும். இதன்பின் வளரும் கருவைச் சூழ்ந்த மெல்லிய படலம், ஓட்டின் உட்புறத்தே கைட்டின் கலந்த மற்றோர் உறையைச் சுரக்கிறது. நீர் வெளியேறாமல் முட்டையைக் காப்பதில் இவ்வுறைக்குப் பெரும் பங்கு உண்டு.

இரு கொசுக்கள், இரு ஓடுகள்

சாக்கடை நீரில் முட்டையிடும் கியூலெக்ஸ், நூறு முதல் முந்நூறு முட்டைகளை நிமிர்த்தி ஒட்டித் தெப்பமாக மிதக்கவிடுகிறது. முட்டைகளின் தலைப்புறம் கீழ்நோக்கி நீரைத் தொட்டுநிற்கும். புழு அவ்வழியே நேரே நீருக்குள் இறங்கும். நீர் வற்றிவிடின் இம்முட்டைகள் சில மணி நேரமே தாங்கும். டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசுவோ, நீர்மட்டத்தை ஒட்டிய ஈரச் சுவரில் முட்டைகளைத் தனித்தனியே ஒட்டுகிறது. கருநிறம் மிக்க அவற்றின் ஓடும் உள்ளுறையும் வறட்சியைப் பல மாதங்கள் தாங்க வல்லவை.

இதனின்று பெறப்படுவது யாதெனில், சாக்கடை தேங்காது ஓடி, நன்கு வடியுமாயின் கியூலெக்ஸ் முட்டைகள் அழியும். ஆனால் தொட்டி, பானை ஆகியவற்றின் நீரைக் கொட்டுதல் மட்டும் போதாது. உட்சுவரைத் தேய்த்துக் கழுவினாலன்றி ஏடிஸ் முட்டைகள் மறுமழைக்குப் பொரித்துவிடும்.

வகுப்பிற்கு

சாக்கடை நீரில் மிதக்கும் தெப்பம் ஒன்றைக் காலையில் காகிதத் துண்டால் எடுத்து, இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியை நீரிலும் மற்றதை உலர்ந்த தட்டிலும் வைக்கலாம். நீரிலுள்ளவை ஓரிரு நாளில் பொரிக்கும், உலர்ந்தவை சுருங்கும். உருப்பெருக்குக் கண்ணாடியால் இரண்டையும் ஒப்பிடச் செய்க. பாத்திரத்தை மெல்லிய துணியால் மூடிவைத்து, பாடம் முடிந்ததும் புழுக்களைக் கொதிநீர் ஊற்றி அழித்துவிடுதல் ஆசிரியரின் கடமையாகும்.