பின்னந்தலையில் ஓர் ஊசி



கால் முறிந்தவனைக் கண்டால் எவரும் எழுந்து இடம் கொடுப்பார்கள். தலைவலிக்காரருக்கு அந்தப் பாக்கியம் இல்லை. கட்டு இல்லை, காய்ச்சல் இல்லை, எடுத்த படத்திலும் ஒன்றும் தெரிவதில்லை. ஆகவே வீட்டாரும் வேலையிடத்தாரும் "இதெல்லாம் ஒரு வியாதியா?" என்று கேட்டுவிடுகிறார்கள்.

கிண்டி தொழிற்பேட்டையில் தையல் வேலை செய்யும் ஒரு சகோதரி எங்களிடம் ஜெபிக்க வந்தார். பதினொரு வருடத் தலைவலி. மாதத்தில் இருபது நாளுக்குக் குறையாது. "ஐயா, சபையில் உபவாசமிருந்து ஜெபிக்கச் சொல்கிறார்கள். வெறும் வயிறாய் இருந்தால் எனக்கு இன்னும் அதிகமாகிறது. எனக்கு விசுவாசம் போதாதோ?" என்றார். நாங்கள் தலை குனிந்தோம். ஊழியத்தின் ஆரம்ப வருடங்களில் அதே ஆலோசனையை நாங்களும் பலருக்குச் சொல்லியிருக்கிறோம். உணவு வேளை தப்புவது ஒற்றைத் தலைவலியைக் கிளப்பிவிடும் என்பதை அப்போது அறியோம். வேதத்தில் சூனேம் ஊராளின் பிள்ளை வயலில் தலைவலியென்று அலறியபோது, தகப்பன் அவனுக்குப் புத்தி சொல்லவில்லை; தாயிடம் தூக்கிக்கொண்டு போகச் சொன்னான்.

அந்தச் சகோதரியை எங்கள் நரம்பு மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். அவர் முதலில் கேட்டது மாத்திரைக் கணக்கு. மருந்துக் கடையில் வாங்கி நாளுக்கு இரண்டு போட்டு வந்திருக்கிறார். சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, கலப்பு மாத்திரையானால் 10 நாளோ, மூன்று மாதத்துக்கு மேல் விழுங்கினால் அந்த மாத்திரையே தலைவலியை நிலைக்கச் செய்துவிடும். நம் ஊரில் இதை அறிந்தவர்கள் கொஞ்சம்பேர்தான். தைலத்தால் இந்தக் கேடு இல்லை. (மயிலாப்பூர் பூங்காவுக்குப் பெயர் கொடுத்த நாகேஸ்வர ராவ் 1893-ல் பம்பாயில் தொடங்கிய அமிர்தாஞ்சன் இன்றும் நம் வீடுகளில் இருக்கிறது. தேய்த்தால் சற்று இதம், அவ்வளவே.)

மாத்திரையை நிறுத்தினால் முதல் சில நாட்கள், சிலருக்குச் சில வாரங்கள், வலி முன்னிலும் மோசமாகும். அந்தப் பாலத்தைக் கடக்க உதவுவதற்காகவே மருத்துவர் இந்த ஊசியைப் போட்டார்.

கழுத்தின் மேல்பகுதியில் தண்டுவடத்திலிருந்து புறப்பட்டு, பிடரி வழியாக உச்சந்தலை வரை ஏறும் நரம்பு ஒன்று உண்டு. பிடரியின் நடுவே விரலுக்குத் தட்டுப்படும் எலும்பு மேட்டையும் காதின் பின்னுள்ள எலும்பையும் ஒரு கோட்டால் இணைத்தால், மேட்டிலிருந்து சுமார் மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் அது தோலுக்கு அடியில் வருகிறது. நோயாளி மேஜையில் நெற்றியைச் சாய்த்து உட்காருவார். மருத்துவர் விரலால் அழுத்தி இடம் பார்த்து, மரத்துப்போகும் மருந்தை இரண்டு மூன்று மில்லி செலுத்துவார். மெல்லிய ஊசிதான். மயக்கம் கொடுப்பதில்லை. சில நிமிடங்களில் முடிந்துவிடும்; அன்றே வீட்டுக்குப் போகலாம்.

நெற்றியில் வலிக்கிறவருக்குப் பிடரியில் ஏன் ஊசி? நாங்களும் இதைக் கேட்டோம். முகத்திலிருந்தும் நெற்றியிலிருந்தும் வரும் நரம்பும், பிடரியிலிருந்து வரும் நரம்பும் கழுத்தின் மேல்நுனியில் ஒரே இடத்தில் வந்து சேருகின்றன. கத்திப்பாராவை நினைத்துக்கொள்ளுங்கள். விமான நிலையப் பக்கம் அடைத்துக்கொண்டால் வடபழனிப் பக்கமும் நிற்கிறது. ஒரு பக்கம் வண்டி குறைந்தால் மற்றப் பக்கமும் மூச்சுவிடுகிறது. மரப்பு சில மணி நேரமே இருக்கும். ஆனால் அந்தச் சந்திப்பின் பதற்றம் அடங்குவதால், நிவாரணம் சிலருக்கு நாட்கணக்காகவும் சிலருக்கு வாரக்கணக்காகவும் நீடிக்கிறது.

மருந்து புதிதல்ல. 1884-ல் வியன்னாவில் கார்ல் கொல்லர் கண் அறுவைக்குக் கோகெயினைப் பயன்படுத்திக் காட்டினார். அதைவிடப் பாதுகாப்பான லிடோகெயினை 1943-ல் சுவீடனில் நில்ஸ் லோஃப்கிரென் உருவாக்கினார். அவருடைய உதவியாளர் லுண்ட்க்விஸ்ட் தம் உடம்பிலேயே அதைச் சோதித்துப் பார்த்தார். பல் பிடுங்கும்போது நமக்குப் போடுவதும் இதே வகைதான்.

ஆதரவாளர்கள் சிலர் இதை அற்புத ஊசி என்று எங்களுக்கு எழுதுகிறார்கள். அப்படி நாங்கள் சொல்லமாட்டோம். ஒரு கண்ணைச் சுற்றிக் கொத்தாக வந்து, கண்ணீர் வடியச் செய்யும் தலைவலிக்கு, ஸ்டீராய்டு சேர்த்த ஊசி நன்றாக வேலை செய்கிறது. நாள்பட்ட ஒற்றைத் தலைவலியில் பலன் ஆளுக்கு ஆள் வேறு. சிலருக்கு ஒன்றுமே கேட்பதில்லை. ஸ்டீராய்டு சேர்ந்தால் சர்க்கரை நோயாளிக்குச் சில நாட்கள் சர்க்கரை ஏறும். ஊசி போட்ட இடத்தில் முடி உதிர்வதும் உண்டு. இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்களும், மண்டையோட்டில் அறுவை செய்துகொண்டவர்களும் முன்னதாகவே சொல்லிவிட வேண்டும். கர்ப்பவதிகளுக்குப் பல மாத்திரைகள் ஆகாது என்பதால், ஸ்டீராய்டு சேராத லிடோகெயின் ஊசி அவர்களுக்கு ஓர் உதவி.

இன்னொன்றையும் எழுதியே ஆகவேண்டும். இடி விழுந்ததுபோல் திடீரென்று வரும் கடுந்தலைவலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கை கால் பலவீனம், பேச்சுக் குழறல், ஐம்பது வயதுக்குமேல் முதன்முறையாக வரும் தலைவலி, இவற்றுக்கு ஊசியைத் தேடாதீர்கள். தாமதமின்றிப் பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். கிண்டிவாசிகளுக்கு, கிங் இன்ஸ்டிடியூட் வளாகத்தில் 2023 ஜூனில் திறந்த அரசு உயர் சிறப்பு மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது.

அந்தச் சகோதரிக்கு முதல் ஊசி ஐந்து வாரம் கேட்டது. இரண்டாவது அவ்வளவு கேட்கவில்லை. அதற்குள் கடை மாத்திரை நின்றுவிட்டது. இரவில் ஒரு தடுப்பு மாத்திரை மட்டும் போடுகிறார். இப்போதும் மாதத்தில் நான்கைந்து நாள் வலி வருகிறது. ஊசி மருந்தின் விலை சொற்பம். ஊசிக்கு வந்த இரண்டு நாளும் கூலி போனதுதான் அவருக்குப் பெரிய நஷ்டம். உங்கள் காணிக்கையிலிருந்து அதை ஈடு செய்தோம்.

சென்ற மாதம் உபவாசக் கூட்டத்துக்குப் போயிருந்தாராம். மத்தியானம் வெளியே வந்து, வேப்பமரத்தடியில் டிபன் பாக்ஸைத் திறந்து, இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு மறுபடி உள்ளே போய் உட்கார்ந்துகொண்டாராம்.