வாட்டர் பம்ப் லீக்: கழட்டுறதுக்கு முன்னாடி கண்டுபிடிங்க

தெர்மல் பேப்பர்ல கூலிங் சிஸ்டம் கேட்டா நாலு பெட்டி, நாலு அம்புக்குறி போட்டு மார்க் வாங்கிடுவோம். ஆனா இருபது வருஷம் ஓடின ஒரு லாரி உங்க முன்னாடி நிக்குது, இன்ஜினுக்குக் கீழே தரை நனைஞ்சிருக்கு, டிரைவர் அண்ணன் "வாட்டர் பம்ப் போச்சு தம்பி, மாத்திடலாம்"னு சொல்றார்னு வைங்க. எங்க இருந்து ஆரம்பிப்பீங்க?

முதல்ல பம்ப் எப்படி இருக்கும்னு பார்த்துடுவோம். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்ல படிச்ச அதே சென்ட்ரிஃபியூகல் பம்ப்தான். ஷாஃப்டோட ஒரு முனையில இம்பெல்லர், மறுமுனையில பெல்ட் ஓடுற புல்லி. பல பழைய லாரிகள்ல ரேடியேட்டர் ஃபேனும் அதே ஷாஃப்ட்லதான் மாட்டியிருக்கும். சுத்துற ஷாஃப்ட் வழியா தண்ணி வெளியே வராம தடுக்கிறது மெக்கானிக்கல் சீல். ஒரு கார்பன் வளையமும் ஒரு செராமிக் வளையமும் ஸ்பிரிங் அழுத்தத்துல உரசிக்கிட்டே இருக்கும். நடுவுல இருக்கிற மெல்லிய கூலண்ட் படலம்தான் அதுக்கு லூப்ரிகேஷன்.

இந்த சீலுக்கும் பேரிங்குக்கும் நடுவுல, பம்ப் பாடியோட அடிப்பக்கம் பேனா முனை அளவுக்கு ஒரு சின்ன ஓட்டை இருக்கும். பேரு வீப் ஹோல். சீல் தேய்ஞ்சா கசியுற தண்ணி பேரிங்குக்குள்ள போய் கிரீஸைக் கழுவாம, இந்த வழியா வெளியே வந்துடணும். அதனால இது பம்ப் நமக்குக் கொடுக்கிற முன்னறிவிப்பு. சில பேர் "ஒழுகுது"ன்னு இந்த ஓட்டையையே எம்-சீல் வச்சு அடைச்சிடுவாங்க. தண்ணி நின்ன மாதிரி தெரியும், உள்ளே பேரிங் செத்துக்கிட்டு இருக்கும். தயவுசெய்து அதை மட்டும் பண்ணாதீங்க.

இப்போ லீக்கைத் தேடுவோம். இன்ஜின் நல்லா ஆறின பிறகுதான் ரேடியேட்டர் மூடியில கை வைக்கணும். 0.5 பார் அழுத்தம் தாங்குற மூடி போட்ட சிஸ்டத்துல வெறும் தண்ணியே சுமார் 111 டிகிரி செல்சியஸ் வரைக்கும் கொதிக்காம இருக்கும். சூடா இருக்கும்போது மூடியைத் திறந்தா அழுத்தம் சட்டுனு இறங்கும், உள்ளே இருக்கிற தண்ணி கொதிச்சுக்கிட்டே முகத்துல அடிக்கும். ஸ்டீம் டேபிள் பார்த்த நமக்கு இதுல சந்தேகம் வரக்கூடாது.

அடுத்தது, ஏமாத்துற விஷயம். தண்ணி சொட்டுற இடம் வேற, ஒழுகுற இடம் வேற. ஃபேன் ரேடியேட்டர் வழியா காத்தை இழுத்து இன்ஜின் மேல வீசுது. அதனால மேல் ஹோஸ் கிளிப்ல இருந்தோ, ரேடியேட்டர் டேங்க் ஜாயின்ட்ல இருந்தோ கசியுற தண்ணி பறந்து வந்து பம்ப் பாடியை நனைச்சிடும். நனைஞ்சிருக்குன்னு பம்ப்பைக் கழட்டினா, புதுப் பம்ப் போட்ட மறுநாளும் அதே சொட்டு விழும். அண்ணனோட பணமும் போச்சு, ஒரு நாள் டிரிப்பும் போச்சு.

அதனால முன்பக்கம் முழுசும் கழுவித் துடைச்சு உலர விடுங்க. டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் எடுத்துக்கிட்டு கீழிருந்து மேல் நோக்கிப் பாருங்க. பழைய கசிவு காய்ஞ்சு வெள்ளையாவோ துரு நிறத்துலயோ ஒரு கோடு விட்டிருக்கும். அந்தக் கோட்டோட மேல் முனைதான் குற்றவாளி. வீப் ஹோல்ல ஆரம்பிச்சா சீல். பம்ப்பும் பிளாக்கும் சேர்ற இடத்துல ஆரம்பிச்சா வெறும் கேஸ்கெட், பம்ப் நல்லாவே இருக்கலாம்.

கோடு தெரியலைன்னா பிரஷர் டெஸ்டர். மூடி இருக்கிற இடத்துல அதை மாட்டி, மூடியில போட்டிருக்கிற அழுத்தம் வரைக்கும் மட்டும் கையால பம்ப் பண்ணி ஒரு கால் மணி நேரம் விடுங்க. முள் இறங்குச்சுன்னா எங்கேயோ போகுது, தேடுங்க. இன்ஜின் ஆறி இருக்கும்போது பண்றதுல ஒரு லாபம் இருக்கு: சூட்டுல ரப்பர் விரிஞ்சு அடைபடுற ஹோஸ் கிளிப் கசிவெல்லாம் அப்பதான் மாட்டும். சில சீல் ஷாஃப்ட் சுத்தும்போது மட்டும்தான் கசியும், அதனால ஐடிலிங்ல ஓட விட்டும் ஒரு தடவை பாருங்க. ஃபேன்கிட்ட துணி, ஐடி கார்டு கயிறு எதுவும் தொங்கக்கூடாது.

முள் இறங்குது, வெளியே ஒரு சொட்டும் இல்லையா? அப்போ சந்தேகம் ஹெட் கேஸ்கெட் மேல போகணும். ரேடியேட்டர்ல விடாம குமிழி வருதா, இன்ஜின் ஆயில் பால் கலந்த மாதிரி ஆயிருக்கான்னு பாருங்க. இங்க பம்ப்புக்கு சம்பந்தமே இருக்காது.

சீல்தான்னு உறுதியானா பேரிங்கையும் பார்க்கணும். இன்ஜினை நிறுத்தி, பெல்ட்டைத் தளர்த்தி, ஃபேனைப் பிடிச்சு முன்னும் பின்னும், பக்கவாட்டுலயும் ஆட்டுங்க. ஆட்டம் கைக்குத் தெரிஞ்சாலோ, சுத்தும்போது மணல் அரைக்கிற மாதிரி இருந்தாலோ அந்த வண்டியை ஸ்டார்ட் பண்ணவே கூடாது. பேரிங் உடைஞ்சா ஃபேன் முன்னாடி போய் ரேடியேட்டரைக் கிழிச்சிடும். பேரிங் உறுதியா இருந்து சொட்டு மட்டும்னா, தண்ணி பார்த்துப் பார்த்து ஊத்தி பக்கத்துப் பட்டறை வரைக்கும் ஓட்டலாம். ஹீட் ஏறிட்டா நிறுத்தி ஆற விடணும். கொதிக்கிற இன்ஜின்ல பச்சைத் தண்ணி ஊத்தினா ஹெட் விரிசல் விடும்.

ஏன் போச்சுன்னு கேட்காம புதுசு போடாதீங்க. பெல்ட்டை வீணைக் கம்பி மாதிரி இழுத்துக் கட்டினா பேரிங் போகும். வருஷக்கணக்கா போர் தண்ணியே ஊத்தினா உப்பும் துருவும் சீல் முகத்தைக் கீறும். சிஸ்டத்தை ஃபிளஷ் பண்ணிட்டு கூலண்ட் கலந்து ஊத்துங்க. சீல் கிட் மட்டும் மாத்துறதா இருந்தா கார்பன், செராமிக் முகங்கள்ல விரல் படக்கூடாது. எல்லாத்துக்கும் மேல, கூலண்ட் நிரப்புறதுக்கு முன்னாடி "சும்மா ஒரு செல்ஃப்" அடிச்சுப் பார்க்காதீங்க. படலம் இல்லாம உலர்ந்து சுத்தினா புது சீல் கொஞ்ச நேரத்துலயே கெட்டுடும். மாத்தின புதுசுல வீப் ஹோல்ல ஓரிரு சொட்டு வந்தா பதற வேண்டாம், முகங்கள் ஒண்ணோட ஒண்ணு படியுற வரைக்கும் அப்படி இருக்கும். ரெண்டு மூணு டிரிப் ஆகியும் நிக்கலைன்னா திரும்பக் கழட்டித்தான் ஆகணும்.