இரண்டாவது கியர் அடம்பிடிக்கிறதா?

கேள்வி: என்னுடையது 1990-களில் வந்த ஐந்து கியர் மாஸ்டா எம்எக்ஸ்-5. லீவர் தொளதொளவென்று ஆடுகிறது. குளிர்காலக் காலைகளில் இரண்டாவது கியர் விழ மறுக்கிறது. ஷார்ட் ஷிஃப்டர் போட்டால் சரியாகுமா?

பதில்: ஆகாது. அதைக் கடைசியில் யோசிக்கலாம்.

இந்தக் காரில் லீவர் கேபிள் எதுவுமின்றி நேரே கியர்பாக்ஸுக்குள் இறங்குகிறது. அந்த நேரடித் தொடர்புதான் இதன் பெருமை. அதை மீட்டெடுப்பது நிச்சயம் பயனுள்ள வேலை. லீவரைக் கழற்றிப் பாருங்கள். நுனியிலிருக்கும் பிளாஸ்டிக் புஷ் தேய்ந்திருந்தால் ஆட்டம் வரும். ரப்பர் பூட் கிழிந்திருந்தால் சூடும் இரைச்சலும் உள்ளே ஏறும். இரண்டுமே விலை குறைவு, மாற்றிவிடுங்கள். லீவர் உட்காரும் குழியில் தனியாகக் கொஞ்சம் ஆயில் நிற்க வேண்டும். கியர்பாக்ஸ் ஆயில் மாற்றும்போது பலர் இதை விட்டுவிடுகிறார்கள். பழைய கார்களில் குழி வறண்டு கிடப்பது சகஜம்.

குளிரில் ஆயில் கெட்டியாக இருப்பதால் சின்க்ரோ வேகத்தைச் சமன்படுத்தத் தாமதமாகிறது. நல்ல 75டபிள்யூ-90 ஜிஎல்-4 ஆயில் ஊற்றுங்கள், சூடேறும்வரை நிதானமாகக் கியர் மாற்றுங்கள். கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டர் கசிகிறதா என்றும் பாருங்கள். கிளட்ச் முழுதாக விடாவிட்டாலும் கியர் முரண்டும்.

ஷார்ட் ஷிஃப்டர் லீவர் நகரும் தூரத்தைக் குறைக்கும், ஆனால் கை அழுத்தம் கூடும். தேய்ந்த சின்க்ரோவுக்கு அது கூடுதல் பாரம்.