தாமாரின் அழுகையைக் கேட்டவர்கள்

வேதபாடம்: 2 சாமுவேல் 13:1-29



அனுப்பர்பாளையம் வட்டாரத்தில் பனியன் கம்பெனிகளுக்குச் சனிக்கிழமை சம்பள நாள். மறுநாள் காலையில் வீங்கிய முகத்தோடு ஆஸ்பத்திரிக்கு வரும் சகோதரிகள், "வழுக்கி விழுந்துவிட்டேன்" என்பார்கள். பல வருஷங்களுக்கு முன் ஒருவர் மட்டும் என்னிடம் உண்மையைச் சொன்னார். நான் அவருடைய கணவரை அழைத்துப் புத்தி சொல்லி, ஜெபம்பண்ணி, இருவரையும் வீட்டுக்கு அனுப்பினேன். மூன்றாம் வாரம் அந்தச் சகோதரி கை முறிந்து வந்தார். கூட வந்த சிறுமி என் முகத்தை ஏறிட்டுப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகுதான் தாமாரின் சரித்திரம் எனக்கு விளங்கிற்று.

நோயாளியைப்போல் நடித்த அம்னோனுக்குப் பணியாரம் செய்து கொடுக்கப் போன தாமார், அங்கே பலவந்தம்பண்ணப்பட்டாள். வஸ்திரத்தைக் கிழித்து, தலையில் சாம்பலைப் போட்டு, சத்தமாய் அழுதுகொண்டு போனாள். அவள் எதையும் மறைக்கவில்லை. கேட்டவர்கள் என்ன செய்தார்கள்?

1. வாயை அடைத்தார்கள்

அப்சலோம் அவளுக்குத் தன் வீட்டில் இடம் கொடுத்தான், அது நல்லது. ஆனால் அம்னோன் சகோதரன் என்று சொல்லி அவளை மௌனமாக்கினான். நாமும் குடும்ப மானம், சபையின் பேர் என்று அதையே செய்கிறோம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் 100க்கு 38 பேர் கணவனின் வன்முறையை அனுபவித்தவர்கள். நமது ஆலயத்திலும் அவர்கள் இருக்கிறார்கள்.

2. கோபப்பட்டதோடு நின்றார்கள்

தாவீது கோபங்கொண்டான், அம்னோனை விசாரித்ததாக வேதத்தில் இல்லை. இரண்டு வருஷம் கழித்து அந்தக் குடும்பத்தில் கொலை நடந்தது. நம் நாட்களிலும், 2021 ஜனவரியில், திண்டுக்கல் மாவட்ட ஆடை ஆலை ஒன்றில் வேலை செய்த தலித் இளம்பெண் கொலை செய்யப்பட்டார். ஆலையின் மேற்பார்வையாளர் கைதானார். அதன்பின் மற்றப் பெண்களும் தாங்கள் பட்ட தொல்லைகளை வெளியே சொன்னார்கள். 2022 ஏப்ரலில் பெண்களின் தொழிற்சங்கம் கம்பெனியோடு பாதுகாப்பு ஒப்பந்தம் செய்தது. ஒரு உயிர் போகுமுன் கேட்டிருக்கலாமே!

3. நாம் செய்யவேண்டியது

மன்னிப்பைப் போதிக்குமுன் பாதுகாப்பைக் கொடுப்போம். காயத்தோடு வருகிற பெண்ணிடம், கணவர் இல்லாத தனி அறையில் பேச வேண்டும். 2005ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி, வீடு கணவன் பேரில் இருந்தாலும் அதில் வாழ மனைவிக்கு உரிமை உண்டு. அவளை அடிக்கக் கூடாதென்று மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். பெண்கள் உதவிக்கு 181, குழந்தைகளுக்கு 1098 என்ற எண்களில் இலவசமாகப் பேசலாம். ஒரு குழந்தை பாலியல் கொடுமைக்கு ஆளானதை அறிந்தவர் எவரும் போலீசுக்குத் தெரிவிக்கவேண்டும் என்பது 2012ஆம் வருஷத்துப் போக்சோ சட்டம். போதகரும் சபை மூப்பரும் இதற்கு விலக்கல்ல.

உங்கள் காணிக்கை மருந்துக்கு மட்டுமல்ல. அடைக்கலம் தேடிப் புறப்படும் ஒரு தாயின் பஸ் செலவும், அவள் பிள்ளைகளின் அன்றைய சாப்பாடும் அதில் அடங்கும்.

சிந்திக்க: நம் சபையில் ஒரு தாமார் அழுதால், முதலில் யாரிடம் போவாள்? அவர் என்ன பதில் சொல்வார்?

ஜெபம்: ஆண்டவரே, பயந்தவர்களை மறுபடியும் ஆபத்துக்கு அனுப்பாதபடி எங்களுக்குப் புத்தியும் தைரியமும் தாரும். ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
ஆஸ்பத்திரி போதகர்