பெட்டிக்கு லேபிள் சரி, மனுஷிக்கு எதற்கு?



லேபிள் என்றால் என்ன என்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் அச்சடிப்பது நம்ம சிவகாசி. ஒட்டுவது நம்ம கை. கடைக்காரர் பெட்டியைத் திறந்து குச்சியை எண்ணிப் பார்ப்பதில்லை. லேபிளைப் பார்த்துவிட்டு வாங்குகிறார். பெட்டிக்கு அது சரி. ஆனால் மனிதர்களுக்கும் நாம் இப்படித்தான் ஒட்டுகிறோம். "அது படிப்பு வராத பிள்ளை", "அவ ராசியில்லாதவ", "அந்தத் தெருக்காரங்க அப்படித்தான்" என்று ஒரே வார்த்தையில் முடித்து விடுகிறோம். உள்ளே இருப்பதை யாரும் திறந்து பார்ப்பதில்லை.

பெயர் சூட்டினால் என்ன ஆகிறது?

"வாயால சொன்னா என்ன ஆயிரப் போகுது?" என்று நினைப்போம். உத்தரப் பிரதேசக் கிராமங்களில் ஆறாவது, ஏழாவது படிக்கும் 642 பையன்களை வைத்து கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரண்டு பெண் ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். 2004-இல் அது வெளிவந்தது. பையன்களிடம் வழி கண்டுபிடிக்கும் புதிர்த் தாள்களைக் கொடுத்தார்கள். சரியாகப் போட்டால் காசு. யார் என்ன சாதி என்று சொல்லாதபோது, ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளும் மற்ற பிள்ளைகளும் ஏறக்குறைய சமமாகவே போட்டார்கள். அடுத்து, வேறு பையன்களை உட்கார வைத்து, எல்லார் முன்னிலையிலும் பெயரையும் சாதியையும் வாசித்தார்கள். அங்கே ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் கணிசமாகக் குறைவாகப் போட்டார்கள்.

புதிரும் அதே மாதிரிதான், பரிசும் அதேதான். கூடச் சேர்ந்தது ஒரு வார்த்தை மட்டுமே. 'நாம எவ்வளவு செஞ்சாலும் நமக்கு நியாயம் கிடைக்காது' என்ற நினைப்பு இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். ஆக, லேபிள் மூன்று வேலை செய்கிறது. ஒன்று, பார்ப்பவர் கண்ணை மாற்றுகிறது. இரண்டு, ஒட்டப்பட்டவர் தன்னைப் பற்றி நினைப்பதை மாற்றுகிறது. மூன்று, அவர் செய்யும் செயலையே மாற்றுகிறது. பிறகு நாமே, "பாத்தியா, நான் அப்பவே சொன்னேன்ல" என்கிறோம்.

நம்ம மாவட்டத்துக்கும் லேபிள் உண்டு

ஒரு காலத்தில் சிவகாசி என்றாலே 'குழந்தைத் தொழிலாளர் ஊர்' என்றுதான் வெளியூரில் சொன்னார்கள். அதில் உண்மை இருந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1996-இல், சட்டத்தை மீறிக் குழந்தையை வேலைக்கு வைத்த முதலாளி குழந்தை ஒன்றுக்கு ரூ.20,000 கட்ட வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. 2018-இல் மத்திய அரசு 'முன்னேற விழையும் மாவட்டங்கள்' என்று ஒரு பட்டியல் எடுத்தபோது, தமிழ்நாட்டில் இராமநாதபுரத்தோடு நம்ம விருதுநகரும் அதில் இருந்தது.

அதே 2018-இல் பிளஸ் டூ தேர்ச்சி விகிதத்தில் மாநிலத்திலேயே முதல் மாவட்டம் எது தெரியுமா? விருதுநகர்தான்! 2017-இலும், 2023-இலும் நாம்தான் முதலிடம். அந்தப் பிள்ளைகளில் எத்தனை பேருடைய அம்மா தீப்பெட்டி ஆபீசுக்கும் பட்டாசு ஆபீசுக்கும் போய் வந்தவர் என்பது உங்களுக்கே தெரியும். ஒரு லேபிளில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். முழு உண்மையும் அதில் ஒருபோதும் இருக்காது.

குழுவுக்குள்ளேயும் நடந்தது

ஊர், பெயர் வேண்டாம். ஒரு குழு உறுப்பினரின் கணவர் பட்டாசு விபத்தில் இறந்து போனார். அந்தச் சகோதரி தையல் மிஷின் வாங்க உள்கடன் கேட்டார். "ஆம்பளை இல்லாத வீடு, எப்படித் திருப்பிக் கட்டுவா?" என்று இரண்டு பேர் சொல்ல, மற்றவர்கள் பேசாமல் இருந்துவிட்டார்கள். அதன் பிறகு அவர் வாசல் பக்கமாக உட்கார்ந்தார். வாய் திறக்கவில்லை. அப்புறம் கூட்டத்துக்கே வரவில்லை. பார்வையிடச் சென்ற நாங்களும் எங்கள் பதிவேட்டில் 'ஈடுபாடு இல்லாத உறுப்பினர்' என்று எழுதி வைத்தோம்.

ஆறு மாதம் கழித்துக் கணக்கு பார்த்தபோதுதான் தெரிந்தது. இரண்டு வருடமாக அவர் சேமிப்பு ஒரு மாதம்கூடத் தவறவில்லை. கூட்டத்துக்கு வராத மாதங்களில் மகளிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறார். 'கட்ட மாட்டா' என்று சொன்ன இருவருக்கும் தவணை பாக்கி இருந்தது. எங்களுக்குத் தலை குனிவாகப் போயிற்று. நோட்டைத் திறந்து பார்க்காமல் நாங்களும் அல்லவா லேபிள் ஒட்டிவிட்டோம்! குழுவைக் கூட்டிக் கணக்கைச் சத்தமாக வாசித்தோம். கடன் கிடைத்தது. தவணை ஒழுங்காக வருகிறது. ஆனால் ஆண்டு விழாவில் குத்துவிளக்கு ஏற்ற மட்டும் அவரை யாரும் கூப்பிடவில்லை. அவரும் தள்ளியே நின்றார். கடனைத் தீர்மானம் போட்டுக் கொடுத்துவிடலாம். மனசில் ஒட்டியதை உரிக்க நாளாகும்.

நாம் என்ன செய்யலாம்?

* கடன் மனு வந்தால் முதலில் சேமிப்பு, வருகை, பழைய தவணை மூன்றையும் வாசியுங்கள். பிறகு கருத்துச் சொல்லுங்கள்.
* "அவ அப்படித்தான்" என்று சொல்ல வாய் வந்தால், "அவ இன்னிக்கு என்ன செஞ்சா?" என்று மாற்றிக் கேளுங்கள்.
* பிள்ளையை 'மக்கு' என்று சொல்லாதீர்கள். "இந்தக் கணக்கு இன்னும் வரல, நாளைக்கு வரும்" என்று சொல்லுங்கள்.
* ஒருவர் பேசாமல் இருந்தால் 'ஈடுபாடு இல்லை' என்று எழுதும் முன் வீட்டுக்குப் போய் ஒரு வாய் காப்பித்தண்ணி குடித்துவிட்டு வாருங்கள். இது எங்களுக்கும் சேர்த்துத்தான்.

கூட்டத்தில் பேச மூன்று கேள்விகள்

1. சின்ன வயதில் உங்களுக்கு ஒட்டிய பெயர் எது? அதனால் எதைச் செய்யாமல் விட்டீர்கள்?
2. நம் குழுவில் யாரை நாம் ஒரே வார்த்தையில் முடித்து வைத்திருக்கிறோம்?
3. நம் குழுவின் அடுத்த ஆண்டு விழாவில் குத்துவிளக்கு ஏற்றப் போவது யார்?

மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலைத் தீர்மான நோட்டில் எழுதுங்கள். அடுத்த முறை வரும்போது வாசித்துப் பார்க்கிறோம்.